‘ஏன்’ என்றொரு பிரெஞ்சுப் படம்

ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லப் போகிறேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள்.

கள்ளச்சாராயக்காரர்கள், இணையக் குற்றவாளிகள், போதைமருந்துக் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் குற்றவாளிகள், மணல் கடத்துவோர், பாலியல் குற்றவாளிகள், குடிசைப்பகுதி நிலம் பறிப்போர் மற்றும் வீடியோ திருடர்கள் தடுப்புச் சட்டம். தமிழ்நாடு அரசின் 1982ஆம் வருடத்து 14ஆவது சட்டம்.

வேறொன்றும் இல்லை. நமக்கெல்லாம் தெரிந்த குண்டர் சட்டம்தான். 1982இல் பிறந்தபோது பெயர் இத்தனை நீளம் இல்லை. ரயில் பெட்டி மாதிரி பிறகு ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். வீடியோ திருடர் வந்து சேர்ந்தது 2004இல். பெயர்களை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பதால் சாராயம் காய்ச்சுகிறவர் வரிசையில் முதல் ஆள். வீடியோ திருடர் கடைசி ஆள். நடுவே வனக் குற்றவாளி. யாராக இருந்தாலும் சரி, விசாரணை இல்லாமலே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம்.

இந்த மூன்று பேரும் சந்தித்துக்கொள்கிற ஊர் ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி. அதற்கு மேற்கே கல்வராயன் மலை. அந்த ஊரின் சமீபத்திய சரித்திரத்தை எனக்குப் புரியவைத்தது ஒரு பிரெஞ்சுப் படத்தின் டிவிடி என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்குவோம்.

*

எண்பதுகளில் நம் ஊர்ப்பக்கம் ‘டெக்’ என்று ஒரு சமாசாரம் இருந்தது. வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி. கல்யாணமா, மஞ்சள் நீராட்டா, மாரியம்மன் கோயில் திருவிழாவா, டவுனிலிருந்து ஒரு கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்து இறங்கும். கூடவே மூன்று கேசட். விடிய விடியப் படம். பாய், தலையணை, போர்வையோடு தெருவே வந்து உட்கார்ந்துவிடும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் வளர்ந்த ஐம்பது வயதுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இரண்டாவது படத்தின் பாதியில் கரண்ட் போன கதை ஒன்று கட்டாயம் வைத்திருப்பார்.

‘ஹோம் வீடியோ’ என்று வெள்ளைக்காரன் அதற்குப் பெயர் வைத்தான். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது. நமக்கு அது தெருவில் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தது. ஒரு டிவி, இருநூறு தலை.

தொண்ணூறுகளின் கடைசியில் விசிடி வந்தது. பின்னாலேயே டிவிடி. டெக் பரணுக்குப் போனது. புதுப் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளாட்பாரத்தில் தட்டு வந்துவிடும். தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். நியாயம்தான், அவர்கள் போட்ட முதல் அது. அதன் விளைவுதான் 2004ஆம் வருடத் திருத்தம். சாராயம் காய்ச்சுகிறவர் பக்கத்தில் சிடி விற்கிறவரும் வந்து நின்றார்.

இதே காலத்தில் சென்னை பர்மா பஜாரில் இன்னொரு வியாபாரம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு, கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் உருவான கடைவீதி அது. பீச் ஸ்டேஷன் எதிரே, ராஜாஜி சாலை ஓரமாக நீளும். வெளிநாட்டுச் சென்ட், டேப் ரிக்கார்டர் எல்லாம் ஓய்ந்தபிறகு அங்கே உலக சினிமா வந்தது. ஈரான், கொரியா, பிரேசில், பிரான்ஸ். எல்லாம் கள்ளப் பிரதிகள். அசல் டிஸ்க்கை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். இங்கே நூறு ரூபாயை நீட்டினால் மீதிச் சில்லறை கிடைக்கும். தமிழ் சினிமாவின் உதவி இயக்குநர்கள் பலருக்கு அந்தப் பிளாட்பாரம்தான் திரைப்படக் கல்லூரி. சட்டப்படி தப்பு. சரித்திரப்படி உண்மை.

அகதிகள் போட்ட கடையில் அகதிகளின் கதைகள் விற்பனையாயின. அப்படி விற்றவற்றில் ஒன்றுதான் நம் பிரெஞ்சுப் படம்.

*

படத்தின் பெயர் ‘லா ஏன்’. ஆங்கிலம் படித்த நாம் ‘லா ஹைன்’ என்று வாசிப்போம். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஹகரத்தை உச்சரிப்பதில்லை. ‘ஏன்’ என்றால் அவர்கள் பாஷையில் வெறுப்பு. நம் காதுக்கு அது ஒரு கேள்வி. இரண்டும் பொருத்தம்தான்.

1993ஆம் வருடம் ஏப்ரல் 6. பாரிஸின் 18ஆவது வட்டாரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். ஜயரிலிருந்து (இன்றைய காங்கோ) வந்த குடும்பத்தின் பிள்ளை, 17 வயது. விசாரணையின்போது அதிகாரியின் துப்பாக்கி வெடித்துச் செத்துப்போனான். ஊர் கொந்தளித்தது. மத்தியூ காஸோவிட்ஸ் என்ற இளம் இயக்குநர் அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். அப்போது அவருக்கு 25 வயது.

கதை ரொம்ப எளிமை. பாரிஸுக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று பையன்கள். ஒருவன் யூதன், ஒருவன் அரபு, ஒருவன் கறுப்பன். முந்தின நாள் கலவரத்தில் போலீஸ் அடித்து அவர்களுடைய நண்பன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். கலவரத்தில் ஒரு போலீஸ்காரர் தவறவிட்ட துப்பாக்கி மூவரில் ஒருவன் கையில் கிடைத்திருக்கிறது. நண்பன் செத்தால் ஒரு போலீஸ்காரனைச் சுடுவேன் என்கிறான். ஒரு நாள் பொழுது. கறுப்பு வெள்ளையில். அவ்வளவுதான் படம்.

அந்த அடுக்குமாடிகளுக்குப் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. நான் பி.காம். படித்தவன், கணக்கு என்றால் கை பரபரக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபிறகு பிரான்ஸுக்குத் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அல்ஜீரியா, மொராக்கோ, மேற்கு ஆப்பிரிக்கா என்று தான் ஆண்ட நாடுகளிலிருந்தெல்லாம் ஆள் எடுத்தது. அவர்களைக் குடிவைக்க ஊருக்கு வெளியே சிமெண்ட் பெட்டிகளாக அடுக்கியது. இந்தப் புறநகருக்கு அங்கே ‘பான்லியூ’ என்று பெயர். படம் எடுக்கப்பட்ட ஷாந்த்லூ லே வீன் குடியிருப்பு, பக்கத்து ஊரான புவாஸி கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களை மனதில் வைத்துக் கட்டியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. 1983, 84இல் அதே புவாஸி தொழிற்சாலையில் பெரிய ஆட்குறைப்பு. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்.

வேலை போய்விட்டது. வீடு மட்டும் மிச்சம். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள்தான் படத்தில் வருகிறவர்கள்.

படக்குழு கேட்டுப்போன பல நகராட்சிகள் அனுமதி தரவில்லை. ஷாந்த்லூ தந்தது. இயக்குநரும் நடிகர்களும் முன்கூட்டியே அங்கே போய்க் குடியிருந்தார்கள். 1995 மே மாதம் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது. அடுத்த வருடம் சிறந்த படத்துக்கான சேஸர் விருது. அப்போதுதான் பதவிக்கு வந்திருந்த பிரதமர் அலென் ழுப்பே, தன் மந்திரிகளுக்கென்று இந்தப் படத்தைத் தனியாகப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார். மந்திரி சபையே உட்கார்ந்து பார்த்த கலவரப் படம்!

பார்த்து?

2005 அக்டோபர் 27. பாரிஸுக்குக் கிழக்கே கிளிஷி சூ புவா என்ற புறநகர். போலீஸைக் கண்டு ஓடிய இரண்டு பையன்கள், ஒருவனுக்கு 17, இன்னொருவனுக்கு 15, மின்சாரத் துணைநிலையத்துக்குள் ஒளிந்தார்கள். ஷாக் அடித்து இறந்தார்கள். மூன்று வாரம் நாடு எரிந்தது. கொளுத்தப்பட்ட வாகனங்கள் ஏறத்தாழ 10,000. நவம்பர் 8ஆம் தேதி அரசாங்கம் நெருக்கடி நிலை அறிவித்தது. அதற்கு எடுத்தது எந்தச் சட்டத்தைத் தெரியுமா? அல்ஜீரிய விடுதலைப் போரை அடக்குவதற்கென்று 1955இல் போட்ட சட்டம். தாத்தாவுக்காகப் போட்ட சட்டம் பேரனுக்கும் அளவாகப் பொருந்தியது.

2007இல் நியூயார்க்கின் க்ரைட்டீரியன் நிறுவனம் ‘லா ஏன்’ படத்தை இரண்டு டிஸ்க் கொண்ட டிவிடியாக வெளியிட்டது. பளிச்சென்று துடைத்தெடுத்த பிரதி. இயக்குநரின் குரல் விளக்கம். நடிகை ஜோடி ஃபாஸ்டரின் முன்னுரை. பத்தாண்டு நிறைவு ஆவணப்படம். புறநகர் ஏன் வெடிக்கிறது என்று சமூகவியல் பேராசிரியர்கள் பேசும் பகுதி ஒன்று வேறு. ஒரு கலவரத்தை உலகத்தின் எந்த மூலையிலும் சோபாவில் சாய்ந்துகொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து தொடரலாம்.

தப்பாகச் சொல்லவில்லை. அந்த டிஸ்க் இல்லையென்றால் பர்மா பஜார் பிரதி இல்லை. பிரதி இல்லையென்றால் எனக்குப் படம் இல்லை, உங்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. படத்தில் இருந்தவனுக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

*

இந்தக் கேள்வி நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு விவகாரம் என்று நினைத்தால், அதே வட்டாரத்தில் எடுத்த இன்னொரு படத்தைச் சொல்ல வேண்டும்.

2015 மே 18. கிளிஷி பையன்கள் வழக்கில் இரண்டு போலீஸ்காரர்களையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆறே நாள் கழித்து, மே 24ஆம் தேதி, கான் விழாவின் மிக உயர்ந்த தங்கப்பனை விருது ஒரு பிரெஞ்சுப் படத்துக்குப் போனது. இயக்கியவர் ழாக் ஓதியார். படத்தின் பெயர் ‘தீபன்’. ஆமாம், நம்ம ஊர்ப் பெயர். படத்தில் பாதிக்கு மேல் தமிழ்.

முன்னாள் போராளி ஒருவர், ஒரு பெண், தாயில்லாத ஒரு ஒன்பது வயதுச் சிறுமி. ஒருவருக்கொருவர் உறவில்லை. செத்துப்போனவர்களின் பாஸ்போர்ட்டில் ஒரு குடும்பமாக வேஷம் போட்டு இலங்கையிலிருந்து பிரான்ஸுக்கு வருகிறார்கள். கிடைக்கிற வேலை, பான்லியூ அடுக்குமாடியில் வாட்ச்மேன். அங்கே போதைமருந்துக் கும்பலின் சண்டை. யுத்தத்துக்குத் தப்பி வந்தவருக்கு வாசலிலேயே இன்னொரு யுத்தம்.

தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. சிறு வயதில் இயக்கத்தில் இருந்தவர், 1993 முதல் பிரான்ஸில் அகதி. ‘கொரில்லா’ நாவல் எழுதியவர். மனைவியாக நடித்தது சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன். எடுத்த இடம் புவாஸி. அதே கார்த் தொழிற்சாலை ஊர்! ‘லா ஏன்’ எடுத்த ஷாந்த்லூவுக்குப் பக்கத்து ஊர். இருபது வருடம் கழித்து அதே அடுக்குமாடி வாசலைக் கூட்டிப் பெருக்க ஒரு தமிழன் வந்து சேர்ந்திருந்தான். பெட்டி அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கிற ஆள்தான் மாறுகிறான்.

2017இல் அதே க்ரைட்டீரியன் ‘தீபன்’ படத்தையும் டிஸ்க்காக வெளியிட்டது. தமிழ் பேசும் படம், நியூயார்க் பெட்டியில், ஆங்கில சப்டைட்டிலோடு.

நம் ஊர் பான்லியூ எங்கே இருக்கிறது என்று கேட்டால் சென்னைக்காரர் உடனே சொல்லிவிடுவார். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம் கரையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பிடுங்கி, பிழைப்பிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நட்ட அடுக்குமாடிகள். ‘மெட்ராஸ்’ (2014), ‘காக்கா முட்டை’ (2015) மாதிரி படங்கள் வந்தபிறகு நகரத்து ஏழைப் பையன் நம் திரையில் கொஞ்சம் நிஜமாகவே நடமாட ஆரம்பித்தான். நல்ல விஷயம்.

ஆனால் நகரமே இல்லாத புறநகர் ஒன்று உண்டு. அங்கே கேமரா போவது அபூர்வம். மலை ஏறுவோமா?

*

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம். அங்கே கோமுகி அணை. அதைத் தாண்டினால் வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. மேலே வெள்ளிமலை. கல்வராயன் மலையின் தலைமையிடம். சாமை, தினை, கடுக்காய், தேன். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்கிற பொருளில் வந்தது என்பார்கள்.

பெயரில்தான் ஆட்சி. மலையை ஆண்டது வேறு ஆட்கள். சடைய கவுண்டன் ஜாகீர், குரும்ப கவுண்டன் ஜாகீர், ஆரிய கவுண்டன் ஜாகீர் என்று மூன்று பங்கு. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று ஜாகீர்தார்கள் சொல்லிக்கொண்டார்கள். வரி அவர்களுக்கு. கூலியில்லாத வெட்டி வேலையும் அவர்களுக்கு. 1947இல் நாடு சுதந்திரம் அடைந்தது. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் போட்டது. கல்வராயன் மலையில் ஜாகீர் ஒழிந்து அரசாங்கம் ஏறி வந்தது எப்போது தெரியுமா?

1976.

எமர்ஜென்சி காலம். நாடே சுதந்திரத்தை இழந்திருந்த வருடத்தில் இவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது! இருபத்தொன்பது வருடம் தாமதம். அந்த இருபத்தொன்பது வருடத்தில் கீழே பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது, கரண்ட் வந்தது, பம்ப் செட் வந்தது. மேலே வரவில்லை. ஒரு தலைமுறை பின்தங்கினால் அடுத்த தலைமுறை அதற்கு வட்டி கட்டும். கூட்டு வட்டி.

அந்த வட்டியைக் கட்டத்தான் பையன்கள் மலையிறங்கினார்கள். திருப்பூருக்கு, கேரளாவுக்கு, கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கு. சிலரைப் புரோக்கர்கள் வந்து ஆந்திராவுக்குக் கூட்டிப்போனார்கள். மரம் வெட்டத் தெரிந்த கை, மலை ஏறத் தெரிந்த கால். செம்மரத்துக்கு வேறென்ன வேண்டும்?

இங்கேதான் சட்டத்தின் நடு ஆள் வருகிறார். வனக் குற்றவாளி.

2015 ஏப்ரல் 7. ‘தீபன்’ விருது வாங்குவதற்கு ஒன்றரை மாதம் முன்பு. திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களின் மலைக் கிராமங்களைச் சேர்ந்த கூலிகள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றார்கள் மனித உரிமைக்காரர்கள். ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் என்று மலை மலையாக ஒப்பாரி கேட்டது.

செம்மரத்தை வைத்து ஒரு படமும் வந்தது. 2021 டிசம்பரில் ‘புஷ்பா’. அடுத்த மாதமே வீட்டுக்கு வந்துவிட்டது. டிஸ்க் கூட வேண்டாம், போனிலேயே. கடத்தல்காரர்தான் ஹீரோ. பாட்டு, நடை, வசனம் எல்லாம் அவருக்கு. மரம் வெட்டுகிற கூலி? பின்னால் நிற்கும் கூட்டத்தில் ஒரு தலை. மலைக்கிராமத்துப் பையனும் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று அந்தப் படத்தைப் பார்த்திருப்பான். தன் அண்ணனையோ சித்தப்பாவையோ அந்தக் கூட்டத்தில் தேடியிருப்பானோ என்னவோ.

*

சரி, பாக்கி ஒரு ஆள். சட்டத்தின் முதல் ஆள்.

2024 ஜூன் மாதம் நடுவில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். ஊருக்கு வெளியே எங்கேயோ இல்லை. டவுனுக்கு உள்ளேயே, போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரத்தில். பாக்கெட் சாராயத்தில் மெத்தனால். தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்படும் திரவம். கொஞ்சம் உள்ளே போனாலே முதலில் கண்ணை எடுக்கும், பிறகு உயிரை எடுக்கும். 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சுமை தூக்குபவர், பெயிண்ட் அடிப்பவர், கூலிக்குப் போகிற பெண்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடைகள். கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் செய்யப்பட்டார். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் நவம்பரில் சிபிஐக்கு மாற்றியது.

இதற்கு முந்தின வருடம், 2023 மே மாதம், மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் இதே விஷச் சாராயத்துக்கு 20க்கும் மேற்பட்டவர்கள் பலியாகியிருந்தார்கள். நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரு சட்டத்தின் பெயரில் முதல் வார்த்தையாக உட்கார்ந்திருக்கிறார் கள்ளச்சாராயக்காரர். எழுதிவைத்த பெயர் அப்படியே இருக்கிறது. பாடையும் அப்படியே இருக்கிறது.

அதற்கும் முன்பு, 2022 ஜூலை 17, கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூர். பள்ளி மாணவி ஒருவரின் மரணத்தையொட்டி நடந்த போராட்டம் கலவரமானது. பஸ்கள் எரிந்தன. பெஞ்சும் நாற்காலியும் தலையில் ஏறிப் போயின. கூடப் படித்த பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகளும் சாம்பலாயின. செல்போனில் செய்தி பரவித் திரண்டார்கள் என்றது போலீஸ். 300க்கும் அதிகமானவர்கள் கைது. பெரும்பாலும் இளைஞர்கள். எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. எரிந்தது இன்னொரு ஏழைப் பிள்ளையின் மார்க் ஷீட்டும்தான். ஆனால் அத்தனை பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை வெட்டி இல்லாமல் அங்கே வந்து சேரக்கூடிய நிலையில் இருந்தார்களே, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் டிவி வேன்கள் படையெடுத்தன. மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில்தான். இந்தியா முழுக்க அதன் பெயர் தெரிந்தது ஒரு தீயாலும் ஒரு விஷத்தாலும்.

‘லா ஏன்’ படத்தில் ஒரு காட்சி வரும். கலவரத்துக்கு மறுநாள். டிவிக்காரர்கள் காரில் வருகிறார்கள். பையன்கள் கீழே, பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேமராவை மேலிருந்து நீட்டி, நீங்களும் கலவரத்தில் இருந்தீர்களா, எதையாவது எரித்தீர்களா என்று கேட்கிறார் நிருபர். காரை விட்டு இறங்கவில்லை. பையன்களுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. மிருகக்காட்சி சாலைக்கு வந்தவர்கள் மாதிரி அல்லவா பார்க்கிறார்கள்!

எத்தனையோ முறை பார்த்த காட்சி. கருணாபுரம் தெருவில் மைக்குகள் நீண்டதை டிவியில் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த காருக்குள் இருப்பது யாரோ பிரெஞ்சு நிருபர் இல்லை. நானும்தான். இருபது வருடமாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். கல்வராயன் மலையைப் பற்றி இதற்கு முன்னால் நான் எழுதிய வரிகளை எண்ணிப் பார்த்தேன். அருவி இருக்கிறது, குடும்பத்தோடு போய்வரலாம் என்று ஒரு கோடை விடுமுறைத் துணுக்கு. அவ்வளவே.

*

டிஸ்க்கில் ஒரு சௌகரியம் உண்டு. தியேட்டரில் கிடையாது. பின்னால் ஓட்டிப் பார்க்கலாம்.

செய்தி நமக்குக் கடைசி ரீலை மட்டும் காட்டும். தீ, புகை, பாடை, கைது. அதை மட்டும் பார்ப்பவருக்கு வெறுப்பு தெரியும். ரீவைண்ட் செய்தால்தான் ‘ஏன்’ தெரியும். பாரிஸில் 2005இலிருந்து பின்னால் ஓட்டினால் 1983இன் கார்த் தொழிற்சாலை தெரிகிறது. கள்ளக்குறிச்சியில் 2024இலிருந்து பின்னால் ஓட்டினால் 1976 வரை மேலே ஏறாத ஓர் அரசாங்கம் தெரிகிறது. டவுன் தெருவில் செத்தவர் வேறு, மலையில் இருப்பவர் வேறு, எரித்தவர் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. ஆனால் மூன்று இடத்திலும் ஒன்று பொது. பையனுக்கு வேலை கொடுக்கப் போகாத அரசாங்கம், அவனைப் பிடிக்க மட்டும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அந்தச் சட்டத்தின் பெயரை மறுபடியும் படித்துப் பாருங்கள். சாராயம், மரம், மணல், கள்ள சிடி. குற்றப் பட்டியல்தான், சந்தேகமில்லை. அதில் முதலாளி லாபம் பார்த்தான். கூடவே, வேறு வழி தெரியாத ஒரு பையனுக்கு இந்த ஊர் திறந்துவைத்திருந்த வேலைவாய்ப்புப் பட்டியலாகவும் அது எனக்குத் தெரிகிறது.

பின்னால் ஓட்டிப் பார்த்தவர்களே இல்லையா? இருந்தார்கள். கருணாபுரத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாராயத்தைப் பற்றிக் கேட்ட நீதிபதிகள் அதோடு நிறுத்தவில்லை. மலையில் ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா, ரேஷன் போய்ச் சேர்கிறதா என்று கேட்டார்கள். 1976 கதையும் அங்கே பேசப்பட்டது. ஒரு நீதிமன்றம் ரீவைண்ட் பட்டனை அழுத்தியது என்று இதைச் சொல்லலாம். அறுபது சாவுக்கு அப்புறம்தான் என்பது வேறு விஷயம்.

பிரான்ஸில் 2023 ஜூன் 27ஆம் தேதி நாந்தேர் என்ற புறநகரில் 17 வயதுப் பையன் ஒருவனை, கார் ஓட்டி வந்தபோது, போலீஸ் சுட்டுக் கொன்றது. மறுபடி தீ. 1993இல் செத்தவனுக்கும் 17 வயதுதான். 2024 அக்டோபரில் காஸோவிட்ஸ் தன் படத்தை இசை நாடகமாக்கிப் பாரிஸை ஒட்டி மேடையேற்றினார். இதுவரை எதுவும் மாறவில்லை என்கிற பொருளில் அதற்கு ஒரு துணைத் தலைப்பு வைத்தார். 25 வயதில் எழுத உட்கார்ந்தவர், 57 வயதில் அதே கதையை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. எந்தக் கலைஞனும் தன் படைப்பு இப்படிப் பழசாகாமல் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட மாட்டான்.

இன்றைக்குப் படம் பார்க்க டெக் வேண்டாம், டிஸ்க் வேண்டாம், பர்மா பஜாருக்கும் போக வேண்டாம். உள்ளங்கையில் வந்து விழுகிறது. தெருவே கூடிப் பார்த்தது போய், ஆளாளுக்குத் தனித்தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு பார்க்கிறோம். பக்கத்தில் இருப்பவன் எந்த இடத்தில் அழுதான் என்று நமக்குத் தெரிவதில்லை.

அடுத்த முறை கள்ளக்குறிச்சி என்ற பெயர் டிவியின் கீழே சிவப்புப் பட்டையில் ஓடும்போது சேனலை மாற்றாதீர்கள். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, இதற்கு முன்னால் அங்கே என்ன நடந்தது என்று கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். நானும் பார்க்கிறேன். இந்த முறை காரை விட்டு இறங்கி.